பாரிஸ் வாடகை மின் ஸ்கூட்டர்களை ஏன் நிறுத்தியது? அவ்வளவு ஆபத்தா?

ஆபத்து உண்மைதான். நின்றுகொண்டே ஓட்டும் இந்த வண்டிக்குச் சக்கரம் ரொம்பச் சிறியது. சைக்கிள் ஏறி இறங்கிவிடும் குழியில் இது சட்டென்று மாட்டிக்கொள்ளும். ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். வழியில் வாடகைக்கு எடுப்பவரிடம் பெரும்பாலும் ஹெல்மெட்டும் இருக்காது.

நடந்து போகிறவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2021 ஜூனில் சேன் நதிக்கரையில், இரண்டு பேர் ஏறிவந்த ஸ்கூட்டர் மோதி ஒரு பெண் இறந்துபோனார். அப்புறம் பல இடங்களில் வேகத்தை மணிக்கு 10 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். ஆனாலும் மக்களின் கோபம் தணியவில்லை. 2023 ஏப்ரல் வாக்கெடுப்பில் சுமார் 89 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். வாக்களிக்க வந்தவர்களோ 8 சதவீதத்துக்கும் குறைவு.

சொந்த ஸ்கூட்டருக்குத் தடையில்லை. அதனால் தடையைவிட நல்ல சைக்கிள் பாதைகளே அதிக உயிர்களைக் காக்கும் என்று நினைக்கிறேன்.