அப்பா போட்ட கையெழுத்து

கேள்வி: அன்புள்ள அம்மாவுக்கு, திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கடைமடைக் கிராமம் என் ஊர். வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்து 24 லட்சம் கல்விக் கடன் வாங்கி, போன செப்டம்பரில் இங்கிலாந்து வந்தேன். ஊடகமும் தகவல் தொடர்பும் என்ற ஒரு வருட எம்.ஏ. படிப்பு. வகுப்பில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து விவாதிக்கும்போது எனக்கு மட்டும் வாயே வருவதில்லை. போன கட்டுரைக்கு 58 மார்க்தான். இப்போது ஆய்வேடு எழுதுகிறேன். மேட்டூர் திறந்த செய்தி கடைமடை விவசாயிக்கு எப்படி வந்து சேர்கிறது, யார் சொன்னால் நம்புகிறார் என்பது தலைப்பு. ஊர்க்காரர்களிடம் போனில் பேட்டி எடுத்தேன். சம்மதப் படிவத்தை அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் எட்டாவது வரை படித்தவர், தினமும் பேப்பர் படிப்பார், இங்கிலீஷ் வராது. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, நான் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டு, தெருவில் எட்டுப் பேரிடமும் வாங்கி போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார். என்ன ஏது என்று கூடக் கேட்கவில்லை, அந்த வேலை சுலபமாக முடிந்தது. மேல ஊர்க்காரர்கள் ராத்திரியில் மதகுப் பலகையை இறக்கிவிடுகிறார்கள் என்று ஒரு தாத்தா சொன்னது என் கைடுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கைச்செலவுக்கு ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன், வீட்டில் லைப்ரரியில் வேலை என்று சொல்லியிருக்கிறேன். கோடையில் வகுப்பு இல்லையே, கூடுதல் நேரம் பார்க்கலாமா? படிப்பு முடிந்ததும் இங்கேயே இருக்கவா, ஊருக்கு வரவா? அம்மா போனில் அழுகிறார். எனக்குத் தூக்கம் வருவதில்லை.

– பெயர் வேண்டாம்

பதில்:

தம்பி, வகுப்பில் வாய் வராதது, மார்க் குறைந்தது, அம்மா அழுவது, இருக்கவா வரவா என்ற குழப்பம் எல்லாம் வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகள் எழுதும் கடிதங்களில் தவறாமல் இருக்கும். அதற்கெல்லாம் அப்புறம் வருகிறேன். உன் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. ‘என்ன ஏது என்று கூடக் கேட்கவில்லை, அந்த வேலை சுலபமாக முடிந்தது.’

எந்த வேலை சுலபமாக முடிந்தது? அந்தப் படிவத்தில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். ஆய்வைப் பற்றிய விவரத்தாளைப் படித்தேன், புரிந்துகொண்டேன், என் சந்தேகங்களைக் கேட்டுத் தெளிந்தேன், என் பேச்சைப் பதிவு செய்யச் சம்மதிக்கிறேன், வேண்டாம் என்று தோன்றினால் காரணம் சொல்லாமல் விலகலாம் என்று எனக்குத் தெரியும். இந்த வரிகளுக்குக் கீழேதான் புள்ளி வைத்தாய். படித்தேன், புரிந்துகொண்டேன் என்ற வரிக்குக் கீழே, அந்த மொழியே தெரியாத மனிதரை, பெற்ற அப்பாவை, கையெழுத்துப் போட வைத்திருக்கிறாய். நீ படிப்பது என்ன படிப்பு? யாருடைய குரலை யார் எடுத்துப் பேசுகிறார்கள், யாரைக் கேட்டுக்கொண்டு பேசுகிறார்கள் என்று கேட்கிற படிப்பு. அதற்கான ஆய்வேட்டில் முதல் தாளே பொய்யாகிவிட்டது.

உன் அப்பா ஏன் கேட்கவில்லை தெரியுமா? விவரம் போதாமல் இல்லை. உரக்கடையில் ஒரு ரூபாய் கூடினால் ஏன் என்று கேட்கிறவர்தான். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று மூட்டையைத் தள்ளி வைத்தால், மீட்டரைக் காட்டு என்று கேட்கிறவர்தான். பேங்கிலும் வி.ஏ.ஓ. ஆபீஸிலும் ஒன்றுக்கு இரண்டு தடவை விசாரித்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். உன்னிடம் மட்டும் கேட்கவில்லை, ஏனென்றால் நீ அவர் பிள்ளை. அந்த நம்பிக்கையை நீ ‘சுலபமாக முடிந்தது’ என்ற கணக்கில் எழுதிவிட்டாய். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

அந்த எட்டுப் பேர் யாரை நம்பிப் போட்டார்கள்? பல்கலைக்கழகத்தையா? உன் அப்பா வாசலில் வந்து நின்று ‘பையன் படிப்புக்கு ஒரு கையெழுத்து’ என்று கேட்டார், போட்டார்கள். நாளைக்கு ஏதாவது வம்பு வந்தால் அவர்கள் உன் போன் நம்பரைத் தேடப் போவதில்லை, உன் அப்பா வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். நம் கிராமத்தில் ஒரு மனிதன் சேர்த்து வைத்திருக்கும் சொத்தில் நிலத்துக்கு அடுத்தது அவன் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு. அதை அவர் உனக்காக வீடு வீடாக எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார், என்னத்துக்குக் கொடுக்கிறோம் என்று தெரியாமலே.

வம்பு வராது என்கிறாயா? அந்தத் தாத்தாவை எடுத்துக்கொள். 2023ல் ஜூன் 12ல் மேட்டூர் திறந்தார்கள், தண்ணீர் போதாமல் அக்டோபர் 10ல் மூடினார்கள். 2024ல் திறந்ததே ஜூலை 28ல்தான். அந்த மாதிரி வருடங்களில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, ராத்திரியில் மதகுப் பலகையை யார் இறக்கியது என்பது சும்மா பேச்சு இல்லை. கைகலப்பாகும், போலீஸ் ஸ்டேஷன் வரை போகும். பெயரை மாற்றிப் போட்டேன் என்பாய். திருத்துறைப்பூண்டி பக்கம், இன்ன வாய்க்கால், இத்தனை வயதுப் பெரியவர் என்று எழுதினாலே உங்கள் ஊர் டீக்கடையில் ஆளைச் சொல்லிவிடுவார்கள். இங்கிலீஷில் இருப்பதால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று நினைக்காதே. மேல ஊரிலிருந்தும் ஒரு பிள்ளை லண்டனுக்கோ சென்னைக்கோ படிக்கப் போயிருக்கும். உன் கைடுக்குப் பிடித்த அந்த ஒரு வாக்கியம் உன் மார்க்கை ஏற்றலாம். அந்தப் பெரியவர் அதே வாய்க்கால் தண்ணீரில்தான் அடுத்த சம்பாவும் நட வேண்டும்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். தஞ்சாவூர் ஜில்லாவில் 1952ல் குத்தகைதாரருக்கும் பண்ணையாளுக்கும் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சட்டமே போட வேண்டி வந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத தாளில் ரேகை வைத்துவிட்டு உழைப்பையும் இடத்தையும் இழந்த குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. அப்படி வைக்கச் சொன்னவர்களும் ‘ஒன்றும் இல்லை, சும்மா வை’ என்றுதான் சொன்னார்கள். படித்த பிள்ளை ஊருக்கு ஒருவன் வந்தால் இனி அது நடக்காது என்று நம்பித்தான் உங்கள் தாத்தா காலத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். அவ்வளவு பாடுபட்டுப் படிக்க வைத்த பிள்ளையே புள்ளி வைத்து அனுப்புகிறான் என்றால் என்ன சொல்ல?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இன்றைக்கே கைடுக்கு மெயில் எழுது, மழுப்பாமல். படிவம் ஆங்கிலத்தில் போனது, கையெழுத்துப் போட்டவர்களுக்கு அது புரிந்திருக்காது, மறுபடி முறையாகச் சம்மதம் வாங்க விரும்புகிறேன் என்று. பதறாதே. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் அவர்கள் மொழியிலேயே வாசித்துச் சொல்லி, வாய்மொழியாகச் சம்மதம் வாங்கிப் பதிவு செய்வது ஆய்வு உலகில் ஒப்புக்கொண்ட வழிதான். உன் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு செய்ய வேண்டும், அவ்வளவுதான். மறைத்து வைத்து, பின்னால் அவர்களே கண்டுபிடித்தால்தான் ஆபத்து. விவரத்தாளை உங்கள் தெருப் பேச்சில் ஒரு பக்கத்துக்கு எழுது. ஒவ்வொருவருக்கும் நீயே போன் போட்டு வாசித்துக் காட்டு, அப்பாவைத் திரும்ப அனுப்பாதே. தாத்தாவிடம், ‘நீங்கள் மதகைப் பற்றிச் சொன்னதை எழுதப் போகிறேன், வெளியே தெரிய வாய்ப்பு இருக்கிறது, இருக்கட்டுமா எடுத்துவிடவா?’ என்று நேராகக் கேள். எடுத்துவிடு என்றால் எடுத்துவிட வேண்டும், கைடுக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும்.

அப்பாவிடம் கடைசியாகப் பேசு, ஆனால் அதிக நேரம் பேசு. ஏனென்றால் அவர் உனக்காகப் போட்ட கையெழுத்து இது ஒன்று மட்டும் இல்லை. கடன் பத்திரத்தில் பக்கத்துக்குப் பக்கம் போட்டிருப்பாரே, அதில் என்ன இருக்கிறது என்று எப்போதாவது வாசித்துக் காட்டினாயா? விவசாய நிலத்தைக் கல்விக் கடனுக்கு ஈடாக வாங்க பேங்குகள் பொதுவாகத் தயங்கும், அதனால்தான் குடியிருக்கும் வீடு போனது. படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். அந்தக் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். 24 லட்சத்துக்குப் பத்து சதவீதம் என்று வைத்தாலே மாதம் 20,000 ரூபாய், வட்டி மட்டும். நெல் குவிண்டால் சுமார் 2,500 என்று போட்டால் எட்டு குவிண்டால். கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பத்தில் இருபது மூட்டை, மாதாமாதம். உன் அப்பாவுக்கு லட்சக் கணக்கைவிட இந்த மூட்டைக் கணக்கு உடனே புரியும். அவருக்குத் தெரியக்கூடாது என்று மறைப்பதில் பாசம் எதுவும் இல்லை. தன் வீட்டின் மேல் என்ன பாரம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. லைப்ரரி வேலை என்ற பொய்யையும் அதே போனில் உடைத்துவிடு. வயலில் மூட்டை தூக்கிய மனிதருக்குப் பிள்ளை கிடங்கில் பெட்டி தூக்குவது அவமானமாக இருக்காது. பொய் சொன்னான் என்பதுதான் வலிக்கும்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. கோடையில் கூடுதல் நேரம் வேலை பார்க்காதே. வகுப்பு இல்லாவிட்டாலும் ஆய்வேடு எழுதும் மாதங்கள் எம்.ஏ. மாணவனுக்குப் பாடக் காலம்தான், வாரம் 20 மணி நேரம் என்ற விசா வரம்பு அப்படியே இருக்கும். மீறினால் விசாவே போகலாம். 58 மார்க் தோல்வி இல்லை. அங்கே 50 வந்தால் தேர்ச்சி, 60 வந்தால் அடுத்த படி.

வகுப்பில் வாய் வராததைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீ இரண்டு மூன்று தடவை படித்தும் மிரளும் ஊடக ஆய்வு அறிஞர்களில் ஸ்டூவர்ட் ஹால் நிச்சயம் இருப்பார். அவர் இங்கிலாந்துக்காரர் இல்லை. 1951ல் ஜமைக்காவிலிருந்து உன்னைப் போலப் படிக்க வந்த பையன். சொல்கிறவன் ஓர் அர்த்தத்தில் சொன்னாலும், கேட்கிறவன் தான் நிற்கும் இடத்திலிருந்து வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம் என்று 1973ல் அவர் எழுதியதைத்தான் இன்றைக்கும் வகுப்பில் வைக்கிறார்கள். உனக்கு அதில் புரியாத சங்கதி என்ன இருக்கிறது? ஜூன் 12ல் மேட்டூரில் பூ தூவித் திறப்பதை டிவியில் காட்டுகிறார்கள். கல்லணைக்குத் தண்ணீர் வர மூன்று நான்கு நாள், உன் ஊர் வாய்க்காலில் தலை காட்ட அதற்கு மேல் எத்தனையோ நாள். தஞ்சாவூரில் ஒருவர் ‘தண்ணீர் வந்துவிட்டது’ என்று கேட்கும் அதே செய்தியை, உன் அப்பா ‘இன்னும் நாற்று விடாதே’ என்று கேட்கிறார். அடுத்த வகுப்பில் இதைச் சொல். இலக்கணம் தப்பினால் தப்பட்டும், கேட்பார்கள்.

இருக்கவா வரவா? படித்து முடித்தவர்கள் தங்கி வேலை தேடும் விசா இரண்டு வருடமாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் எம்.ஏ. மாணவர்களுக்கு 18 மாதம்தான். அதற்கு மேல் இருக்க, நிறுவனம் விசா எடுத்துத் தர வேண்டும். பொதுவான சம்பள வரம்பு வருடம் 41,700 பவுண்டு. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சலுகை உண்டு, அதுவும் 33,400. ஊடக வேலையில் ஆரம்பத்தில் அவ்வளவு கொடுக்கும் இடங்கள் குறைவு. இதையும் அப்பாவிடம் சொல். என் எண்ணத்தைக் கேட்டால், அந்த விசா இருக்கும் காலம் முழுக்க இரு, பவுண்டில் சம்பாதித்துக் கடனில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கரை, வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டே இரு. மாதம் பிறந்தால் கட்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று அப்பாவுக்குத் தமிழில் எழுதி அனுப்பு. தவணைக்கு வழியில்லாமல், ஊர் என்ன பேசும் என்ற பயத்தில் மட்டும் அங்கே இருப்பதாக ஒரு மாதம் தெரிந்தால், அந்த மாதமே டிக்கெட் போடு. அம்மா அழுவது உன் தூரத்துக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீ எதையோ மறைக்கிறாய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அப்பாவிடம் பேசும்போது போனை ஸ்பீக்கரில் போடச் சொல், அவரும் பக்கத்தில் இருந்து கேட்கட்டும்.