9 லட்சம் கடன் வேண்டாம், ஒரு ரோல் பிரவுன் பேப்பர் வாங்கிக் கொடுங்கள்

போன வாரம் ஈரோட்டை அடுத்த பவானி பக்கத்திலிருந்து, மகளை என்ன படிக்க வைப்பது என்று யோசனை கேட்டு ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த மகள், கூடவே பெங்களூரில் வேலை பார்க்கும் பெரியப்பா. பேச்சைத் தொடங்கியவர் பெரியப்பாதான். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு மேனேஜ்மென்ட் சீட் பேசி வைத்திருக்கிறார். விடுதியோடு சேர்த்து நான்கு வருடத்துக்கு 9 லட்சம், கடன்தான் வாங்க வேண்டும். அது வேண்டாம் என்றால் பெங்களூரிலேயே ஃபேஷன் டிசைன் பட்டம், அதற்கும் ஏறக்குறைய அதே தொகை. "துணின்னா இஷ்டம்ங்கிறா. அதையே டிகிரியாப் படிக்கட்டுமுங்க" என்றார். அப்பா வாய் திறக்கவில்லை. அம்மா மட்டும், "அவ கல்யாணத்துக்குச் சேர்த்த நகைங்க சார்" என்று மெதுவாகச் சொன்னார்.

முதலில் நானும் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னேன். கவலைப்படாதீர்கள், நேரம் இருக்கிறது என்று. அப்புறம் அந்தப் பெண்ணிடம், கடைசியாக என்ன தைத்தாய் என்று கேட்டேன். அம்மாவின் ஜாக்கெட் என்றாள். அம்மாவுக்கு வலது தோள் இடதைவிட அரை அங்குலம் இறங்கியிருக்கிறதாம். எந்த ஜாக்கெட் போட்டாலும் வலது பக்கம் சரியும். கடைக்காரர்கள் பழைய அளவு ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு, துணியை இரண்டாக மடித்து வெட்டுவதால் இரண்டு தோளும் ஒன்றுபோலவே வந்துகொண்டிருந்தன. இவள் செய்தித்தாளில் இடது, வலது என்று தனித்தனியாக வரைந்து, வலது தோள் நுனியை அரை அங்குலம் இறக்கி வெட்டியிருக்கிறாள். முதல் முறை அக்குளில் பிடித்தது. ஏன் என்று இரண்டு நாள் யோசித்திருக்கிறாள். தோளை இறக்கிய அளவுக்கு ஆர்ம்ஹோலின், அதாவது கை இணைக்கும் வளைவின், அடியையும் இறக்கினால்தான் கை போகும் வழி சுருங்காது என்று அவளாகவே கண்டுபிடித்து மறுபடி வெட்டியிருக்கிறாள். அந்த ஜாக்கெட்டைத்தான் அம்மா அன்று போட்டிருந்தார். தோளில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

அதைப் பார்த்த பிறகு சமாதானம் சொல்வதை நிறுத்திவிட்டு, இரண்டு படிப்பும் வேண்டாம் என்று நேராகச் சொன்னேன். பெரியப்பாவுக்குக் கோபம். அவரிடம் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் வீடுகள் நிறைய.

முதலில் கடன் கணக்கு. கல்விக் கடன் 9 லட்சம், ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்தில் வட்டி கட்டாமல் விட்டால், படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும்போது பாக்கி 12 லட்சத்தைத் தாண்டியிருக்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் 16,000 ரூபாய் வரும். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி பொதுவாக ஈடு கேட்கும். நகையை விட்டால் அந்த வீட்டில் ஈடாக வைக்க இருப்பது அவர்கள் குடியிருக்கும் வீடு ஒன்றுதான். பெண்ணுக்கு விருப்பமில்லாத படிப்புக்காக அதை வைப்பதற்கு நான் எந்தக் காலத்திலும் சம்மதம் சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர் படிப்பு மோசம் என்று சொல்லவில்லை. இவளுக்கு அதில் மனம் இல்லை, அவ்வளவுதான்.

ஃபேஷன் டிகிரி அவளுக்குப் பிடித்த துறைதானே என்று கேட்கலாம். அங்கேயும் ஒரு குழப்பம் இருக்கிறது. உடையை மனதில் கண்டு படமாக வரைவது ஒரு வேலை. அந்தப் படத்தை ஒரு குறிப்பிட்ட உடம்புக்குப் பொருந்தும் தாள் துண்டுகளாக மாற்றுவது வேறு வேலை. இந்தப் பெண் முதலாவதைச் செய்து நான் பார்க்கவில்லை. இரண்டாவதை யாரும் சொல்லிக் கொடுக்காமலே செய்திருக்கிறாள். நம் வீடுகளில் இதற்குப் பெயர்கூடக் கிடையாது, 'தையல்' என்ற ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிடுகிறது. தொழிலில் இருப்பவர்கள் இதைப் பேட்டர்ன் வேலை என்பார்கள். திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களில் பேட்டர்ன் மாஸ்டர் என்று தனி ஆளே உண்டு. அவர் ஓர் அளவுக்குப் போட்டதைப் பல அளவுகளுக்குப் பெருக்கி ஆயிரக்கணக்கில் தைப்பார்கள். நான் சொல்லும் வழி இதற்கு எதிர்த்திசையில் போவது. பொதுவாகப் போட்ட பேட்டர்னை ஒரே ஒரு ஆளின் உடம்புக்காகத் திருத்தி, அவருக்கென்றே ஓர் உடை தைப்பது.

அளவு வாரியாக வெட்டிய தாள் பேட்டர்ன்களை அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் 1863-இல் விற்கத் தொடங்கினார். வீட்டில் தைக்கும் பெண்களுக்கு அது பெரிய வரமாக இருந்தது. ஆனால் எந்த அளவு அட்டவணையும் ஒரு கற்பனை உடம்பை வைத்துப் போட்டதுதான். இன்றைக்கும் பெரிய நிறுவனங்களின் பேட்டர்ன்களில் பல, அக்குளை ஒட்டி எடுக்கும் மேல்மார்பு அளவுக்கும் முழு மார்பு அளவுக்கும் 2 அங்குலம்தான் வித்தியாசம் என்று வைத்து வரையப்பட்டவை. அந்த வித்தியாசம் 4 அங்குலமாக உள்ள பெண் என்ன செய்வாள்? ஒரு சைஸ் பெரிதாக வாங்குவாள். மார்பு சரியாக இருக்கும், தோள் வழியும், முதுகு தொளதொளக்கும். உள்ளே விட்டிருக்கும் துணியைப் பக்கவாட்டில் பிரித்துக் கொடுத்தாலும் இதே கதைதான். கூடுதல் இடம் தேவைப்படுவது முன்பக்கத்தில் மட்டும். பக்கவாட்டில் பிரித்தால் பாதி முதுகுக்குப் போய்விடுகிறது.

தாளில் இதைச் செய்யும் முறை அழகானது. முன்பக்கத் துண்டில் மார்பு நுனியைக் குறித்துக்கொண்டு, இடுப்பிலிருந்து அந்தப் புள்ளி வரை ஒரு வெட்டு. அங்கிருந்து ஆர்ம்ஹோலை நோக்கி இன்னொன்று, தையல் கோடு வரை போய் ஒரு நூலிழை மட்டும் ஒட்டியிருக்கும்படி. துணியைக் கூம்பாக மடித்துத் தைக்கும் மடிப்புக்கு டார்ட் என்று பெயர், பக்கவாட்டு டார்ட்டின் நடுவிலும் ஒரு வெட்டு. இப்போது தாளை விரித்தால் கதவு போலத் திறக்கும். மொத்தம் 2 அங்குலம் வேண்டுமென்றால் பாதி முன்பக்கத்தில் 1 அங்குலம் விரிக்க வேண்டும். இடைவெளிக்கு அடியில் வேறு தாள் ஒட்ட வேண்டும். விரித்ததில் பக்கவாட்டுத் துண்டின் கீழ் ஓரம் இறங்கியிருக்கும், நடுப்பக்கத் துண்டையும் அதற்குச் சமமாக நீட்ட வேண்டும். தோளும் கழுத்தும் முதுகும் அப்படியே இருக்கின்றன, தேவையான இடம் மட்டும் வளர்ந்திருக்கிறது. டார்ட் முன்பைவிட அகலமாகியிருக்கும். அது கூர்மையாகத் துருத்தாமலிருக்க, மார்பு நுனிக்கு ஓர் அங்குலம் முன்னாலேயே முடித்துவிட வேண்டும். அதே டார்ட்டை அந்தப் புள்ளியை மையமாக வைத்துத் தோளுக்கோ இடுப்புக்கோ கழுத்துக்கோ திருப்பிவிடலாம். தோள் டார்ட்டையும் இடுப்பு டார்ட்டையும் ஒரே கோடாக இணைத்தால் அதுதான் பிரின்சஸ் கட். உடையின் தோற்றம் மாறும், பொருத்தம் மாறாது. இது புரிந்த பெண்ணால் ஒரே அடிப்படைப் பேட்டர்னிலிருந்து முப்பது விதமான உடைகளை எடுக்க முடியும்.

கையைத் தூக்கினால் உடையே மேலே ஏறுகிறது என்று பலரும் புகார் சொல்வார்கள். ஆர்ம்ஹோலை இன்னும் பெரிதாக வெட்டு என்றுதான் யாருக்கும் தோன்றும். பெரிதாக்கினால் இன்னும் ஏறும். ஆர்ம்ஹோலை அக்குளுக்கு நெருக்கமாக உயர்த்த வேண்டும், கைத் துண்டின் மேல் வளைவின் உயரத்தைக் குறைத்து அந்தத் துண்டை அகலப்படுத்த வேண்டும். இதை வெளுக்காத மலிவான பருத்தித் துணியான காடாவில் ஒரு மாதிரி தைத்துப் போட்டுப் பார்த்தால்தான் நம்புவார்கள். ஈரோட்டுக்காரர்களுக்குக் காடா கிடைப்பதில் என்ன கஷ்டம்? நல்ல துணியில் கத்தரி வைப்பதற்கு முன் காடாவில் ஒரு முறை தைத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

பிளஸ் டூ கணக்கும் வீண் போகாது. முழு வட்ட அம்பர்லா பாவாடைக்கு இடுப்புச் சுற்றளவை 6.28-ஆல் வகுத்தால் இடுப்புக்கு வெட்ட வேண்டிய வட்டத்தின் ஆரம் வரும். 28 அங்குல இடுப்புக்கு ஏறக்குறைய நாலரை அங்குலம். அரை வட்டம் என்றால் அதற்கு இரட்டிப்பு. வெட்டிய பிறகு ஓர் இரவு தொங்கவிட்டுத்தான் கீழ் ஓரம் மடிக்க வேண்டும், மூலைவாட்டில் வெட்டுப்பட்ட இடங்கள் தம் எடையிலேயே நீளும். இதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவளே சொன்னாள். ஒரு பாவாடையில் பட்டுத் தெரிந்துகொண்டாளாம்.

யாருங்க இதைத் தைத்து வாங்குவார்கள் என்று அப்பா அப்போதுதான் பேசினார். நியாயமான கேள்வி. ஆயத்த ஆடை மலிவாகக் கிடைக்கும்போது, அது பொருந்தாதவர்கள்தான் வருவார்கள். அவர்கள் எவ்வளவு பேர் என்று சுற்றிப் பாருங்கள். முதுகு வளைந்த மூதாட்டிக்கு முன்பக்கம் தொங்கும், பின்பக்கம் தூக்கும், முதுகுத் துண்டை மட்டும் நீட்ட வேண்டும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பவருக்குப் பின்பக்கம் உயரமாகவும் முன்பக்கம் குட்டையாகவும் வெட்டினால் வயிற்றில் துணி சுருளாது. பால் கொடுக்கும் தாய்க்குப் பிரின்சஸ் கட் தையலில் மறைவாக ஜிப் வைக்கலாம். மார்பக அறுவை செய்துகொண்டவருக்கு இரண்டு பக்கமும் வெவ்வேறு பேட்டர்ன் வேண்டும். கடையில் உடை மாற்றும் அறையிலிருந்து கண்ணீரோடு வெளியே வந்தவர்கள் இவர்கள். பொருந்தும்படி ஒருமுறை தைத்துக் கொடுத்தால் வேறு எங்கும் போக மாட்டார்கள்.

சரி, எங்கே கற்பது? அரசு ஐ.டி.ஐ.யில் ஆடை தயாரிப்பு, தையல் தொழில்நுட்பம் என்ற ஓராண்டுப் பிரிவுகள் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்திருக்கும் இவள் தாராளமாகச் சேரலாம். பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. எல்லா ஐ.டி.ஐ.யிலும் இந்தப் பிரிவு இருக்காது, விசாரித்துவிட்டு விண்ணப்பியுங்கள். அங்கே வரைவதும் வெட்டுவதும் எந்திரமும் கைக்கு வரும். திருத்தும் கலை வர வேண்டுமானால் அதற்கு மேல் ஒரு வருடம் நல்ல கட்டிங் மாஸ்டர் ஒருவரிடம் நிற்க வேண்டும், வீட்டில் இருபது வேறு வேறு உடம்புகளுக்குக் காடாவில் தைத்துப் பார்க்க வேண்டும். பட்டம் இல்லையே என்று பெரியப்பாவுக்குக் குறையாக இருந்தால், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். சேரட்டும். வரவு செலவு எழுதவாவது உதவும். கம்ப்யூட்டரில் பேட்டர்ன் வரைய சீம்லி2டி என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கை வரைவு தேறிய பிறகு அதைத் தொட்டால் போதும்.

செலவில் நான் கறாராக இருப்பேன். பழைய பவர் தையல் மெஷின் ஒன்று, நல்ல கத்தரி, வளைவு வரையப் பிரெஞ்சு கர்வ், டேப், பேட்டர்ன் வரையப் பிரவுன் பேப்பர், காடா. முதல் வருடத்துக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். கடை பிடிக்க வேண்டாம், போர்டு வேண்டாம், உடை மாட்டிப் பார்க்கும் பொம்மை வேண்டாம். இதற்காக ஒரு குண்டுமணி நகையைக்கூட அடகு வைக்கக் கூடாது.

கூலி விஷயத்திலும் அப்படித்தான். ஒரு கவுனுக்கு அளவெடுக்க ஒரு மணி நேரம், பேட்டர்ன் திருத்த மூன்று, காடா மாதிரிக்கு இரண்டு, தைக்க ஆறு. ஆகப் பன்னிரண்டு மணி நேரம். ஊர் வழக்கப்படி 600 ரூபாய் வாங்கினால் மணிக்கு 50 ரூபாய். யாரும் அதில் பிழைக்க முடியாது. பேட்டர்ன் திருத்தும் கூலியைத் தனியாகச் சொல்ல வேண்டும், முன்பணம் வாங்க வேண்டும். திருத்திய பேட்டர்னைப் பெயரும் தேதியும் எழுதிய உறையில் பத்திரப்படுத்த வேண்டும். அதே ஆள் அடுத்த முறை வந்தால் பாதி நேரத்தில் முடியும், ஆறு மாதம் ஆகியிருந்தால் மறுபடி அளவெடுக்க வேண்டும். சொந்தக்காரர்களுக்கு இலவசமாகத் தைக்கச் சொல்லி அவளை வற்புறுத்தாதீர்கள் என்று பெரியப்பாவைப் பார்த்தே சொன்னேன். புதிதாகத் தொடங்கும் தொழில் அங்கேதான் நசுங்கும்.

இதெல்லாம் அவள் விருப்பத்தின் மேல் நிற்கிறது. அதையும் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. மூன்றாவது முறை காடாவைப் பிரித்துத் தைக்கும்போதும் பொறுமை இருக்கிறதா? அறிமுகமில்லாதவர் உடம்பை அவர் கூச்சப்படாமல் அளக்க வருமா? அவளைக் கேட்டேன். பெரியப்பா பதில் சொல்ல வந்தார். அவளே சொல்லட்டும் என்று தடுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பிரிக்கறதுதாங்க சார் எனக்குப் புடிக்கும். எங்க தப்புன்னு அப்பத்தான் தெரியும்" என்றாள்.

மூன்று சனிக்கிழமை கொடுத்திருக்கிறேன். அம்மாவுக்கு ஒரு முழு நீளக் கவுன், காடாவில். அத்தை ஒருவருக்கு முதுகு வளைந்திருக்கிறதாம், அவருக்கு ஒன்று. இரண்டின் தாள் துண்டுகளையும், எங்கே எதற்காக வெட்டி ஒட்டினாள் என்று எழுதிய நோட்டையும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை கல்லூரிக்கு முன்பணம் கட்ட வேண்டாம், வங்கிப் பக்கமே போக வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். சரிங்க என்று தலையாட்டினார். கிளம்பும்போது அந்தப் பெண் என் சட்டையின் இடது தோளைப் பார்த்துவிட்டு, காலர் ஒரு பக்கம் ஏறியிருக்கிறது என்றாள். அடுத்த முறை அதையும் அளக்கட்டும்.