அமால்ஃபி கடற்கரை ஒரே நாளில்: காரை விடுங்கள், படகைப் பிடியுங்கள்

கேள்வி: செப்டம்பர் கடைசியில் குடும்பத்தோடு இத்தாலியில் நேப்பிள்ஸில் தங்குகிறோம். ஒரு நாள் வாடகைக் கார் எடுத்து சொரெண்டோ, பொசித்தானோ, அமால்ஃபி, ரவெல்லோ நான்கையும் பார்த்துவிட முடியுமா? அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. நாங்கள் சைவம்.

முதலில் அந்தக் கார் யோசனையை விட்டுவிடுங்கள். அந்தக் கடற்கரைச் சாலை 19ஆம் நூற்றாண்டில் குதிரை வண்டி போகிற அளவுக்கு மலையைக் குடைந்து போட்டது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் நேராகக் கடல், வளைவில் எதிரே பஸ் வந்துவிட்டால் யாராவது ஒருவர் பின்னால் போய்த்தான் வழிவிட வேண்டும். கூட்டம் அதிகமான நாட்களில் நம்பர் பிளேட்டின் கடைசி எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்துத்தான் வண்டிகளை விடுவார்கள். பார்க்கிங் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். எல்லாவற்றுக்கும் மேல், ஓட்டுகிறவர் நாள் முழுக்கக் கடலைப் பார்க்கவே முடியாது, அவரும் உங்கள் குடும்பத்தில் ஒருவர்தானே.

நான்கு ஊர் வேண்டாம், அமால்ஃபியும் ரவெல்லோவும் போதும். பொசித்தானோ அழகுதான், ஆனால் படகுத்துறையில் இறங்கியதிலிருந்து ஏற்றமும் படியுமாகவே போகும். அம்மாவின் முழங்காலை நினைத்து அதை இந்த முறை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன்.

எல்லோரும் சொரெண்டோ வழியாகப் போவார்கள். நீங்கள் மறுமுனையிலிருந்து வாருங்கள். நேப்பிள்ஸ் சென்ட்ரலில் காலையில் வேகமான ரயில் பிடித்தால் சுமார் 40 நிமிடத்தில் சலேர்னோ. ஸ்டேஷனிலிருந்து கடலை நோக்கிச் சில நிமிடம் சமதளத்தில் நடந்தால் கொன்கோர்தியா சதுக்கத்துப் படகுத்துறை, அங்கிருந்து அமால்ஃபிக்கு அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். படகில் வலப்பக்கம் உட்காருங்கள், கரை அந்தப் பக்கம்தான். பச்சையும் மஞ்சளுமாக ஓடு பதித்த, வியெத்ரி என்ற ஊரின் தேவாலயக் குவிமாடம், கடற்கொள்ளையரைக் கண்காணிக்கக் கட்டிய கல் கோபுரங்கள், மலைச்சரிவில் படிப்படியாக ஏறும் எலுமிச்சைத் தோட்டங்கள் எல்லாம் வரிசையாக வரும். சாலையில் போனால் இவை இப்படி மொத்தமாகக் கண்ணில் படாது.

அமால்ஃபியில் கடைவீதி ஓரளவு சமதளம். தேவாலயத்துக்கு 62 படி. அம்மா கீழே சதுக்கத்தில் காபியோடு உட்காரட்டும், மற்றவர்கள் ஏறி, 11ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிளில் வார்த்துக் கொண்டுவந்த வெண்கலக் கதவைப் பார்த்துவிட்டு வாருங்கள். இவ்வளவு சின்ன ஊர் அன்று எவ்வளவு பெரிய கடல் வணிகம் செய்தது என்பதற்கு அந்தக் கதவே சாட்சி.

அப்புறம் ரவெல்லோ பஸ், அரை மணி நேரம். டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பே சிகரெட் கடையில் வாங்கி, ஏறியதும் மெஷினில் முத்திரை குத்த மறக்காதீர்கள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு சின்னச் சுரங்கப்பாதை நேராகச் சதுக்கத்துக்குக் கொண்டுபோய்விடும், பக்கத்திலேயே வில்லா ருஃபோலோ என்ற தோட்டத்தோடு கூடிய பழைய மாளிகை. 1880இல் இசையமைப்பாளர் வாக்னர் இங்கே வந்து, தன் இசை நாடகத்துக்கு மனதில் வைத்திருந்த மாயத் தோட்டம் இதுதான் என்று சொன்னார். சுமார் 350 மீட்டர் உயரத்திலிருந்து இரட்டைக் குவிமாடத் தேவாலயமும் அதன் பின்னே கடலும் தெரியும் அந்த மாடத்தில் அவசரப்படாமல் இருங்கள். வில்லா சிம்ப்ரோனே என்ற இன்னொரு தோட்ட மாளிகையும் உண்டு, ஆனால் அது இன்னும் தூரம், வழியில் படிகளும் உண்டு.

சாப்பாட்டில் கவனம் வேண்டும். செத்தாரா என்ற பக்கத்து ஊரில் நெத்திலியை உப்பிலிட்டு வடிக்கும் சாறு பெயர்போனது, பாஸ்தாவில் அது கண்ணுக்கே தெரியாது. பூசணிப்பூ வறுவலுக்குள்ளும் சில இடங்களில் நெத்திலி வைப்பார்கள். 'சென்சா கார்னே, சென்சா பெஷே' (கறி வேண்டாம், மீன் வேண்டாம்) என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். மரினாரா பீட்சா என்றால் பயப்பட வேண்டாம், தக்காளி, பூண்டு, ஒரிகானோ, எண்ணெய் அவ்வளவுதான், மீன் கிடையாது. இந்த ஊர் எலுமிச்சை நீளமாக, தடித்த தோலோடு இருக்கும். தோலுக்கு உட்புறம் உள்ள வெள்ளைப் பகுதி கசக்காது, வட்டமாக நறுக்கித் தோலோடு உப்புத் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள்.

கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், அன்று சலேர்னோவிலிருந்து பஸ்தான். அமால்ஃபியில் இறங்கியதுமே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று பார்த்து, அதற்கு முந்தையதில் திரும்புங்கள். வரும்போது கரை இடப்பக்கம், அம்மாவை அந்தப் பக்கம் உட்கார வையுங்கள்.