கூட்டமில்லாத பனிச்சறுக்கு மலைக்குப் பக்கத்தில் குடியேறலாமா?

கேள்வி: நாங்கள் ஸ்கார்பரோவில் இருக்கிறோம். நானும் மனைவியும் டொராண்டோ நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறோம். மனைவி மட்டும் அவ்வப்போது அலுவலகம் போக வேண்டும். மகனுக்கு 13 வயது, மகளுக்கு 8. அம்மாவும் எங்களோடு இருக்கிறார். பனிச்சறுக்குக்கு ப்ளூ மவுண்டன் போனால் லிஃப்ட் வரிசையிலேயே பாதி நாள் கழிந்துவிடுகிறது. சென்ற பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ராஸ்லண்ட் போயிருந்தோம். அங்குள்ள ரெட் மவுண்டன் சறுக்கு மலையில் வரிசையே இல்லை. அந்த ஊரிலேயே வீடு வாங்கிப் போய்விடலாமா என்று யோசிக்கிறோம். என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: போகலாம். ஆனால் வீடு தேடத் தொடங்கும் முன், அந்த மலையில் ஏன் கூட்டம் இல்லை என்று யோசியுங்கள். அந்தக் காரணத்தோடுதான் நீங்கள் ஆண்டு முழுக்கக் குடித்தனம் நடத்தப் போகிறீர்கள்.

மலை மோசம் என்பதால் ஆள் வராமல் இல்லை. ப்ளூ மவுண்டன் சுமார் 364 ஏக்கர். உச்சிக்கும் அடிவாரத்துக்கும் 220 மீட்டர்தான் வித்தியாசம். ரெட் மவுண்டன் 3,850 ஏக்கர். உயர வித்தியாசம் ஏறக்குறைய 890 மீட்டர். பத்து மடங்கு பெரிய மலை காலியாகக் கிடப்பதற்குத் தூரம்தான் முதல் காரணம். டொராண்டோக்காரர் இரண்டு மணி நேரத்தில் ப்ளூ மவுண்டனுக்குப் போய்விடுவார். ராஸ்லண்டுக்கோ வான்கூவரிலிருந்து வந்தாலும் கல்கரியிலிருந்து வந்தாலும் ஏறக்குறைய ஏழு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். சனிக்கிழமை காலையில் வந்து சறுக்கிவிட்டு இரவு வீடு திரும்ப யாராலும் முடியாது. விடுமுறைக்கு வந்தபோது அந்தத் தூரத்தை ஒரே தடவை கடந்தீர்கள். குடியேறிவிட்டால் விமானம், மருத்துவர், பலசரக்கு, உறவினர் வீட்டுக் கல்யாணம் என்று எல்லாவற்றுக்கும் அதே தூரம் குறுக்கே நிற்கும்.

கிடைப்பது என்ன என்பதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே பெரியது. பெரிய ரிசார்ட்டுகளில் உள்ள வேக லிஃப்ட்டுகள் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஆளை ஏற்றுகின்றன. கூட்டம் குறைந்த மலைகளில் பெரும்பாலும் இருக்கும் பழைய வகை லிஃப்ட்டுகள் அதில் பாதி வேகத்தில்தான் போகும். ஏற நேரம் கூடினாலும் வரும் ஆளே குறைவு, அதனால் சரிவில் நெரிசல் இல்லை. பனி பெய்த மறுநாள் மதியத்திலும் மரங்களுக்கு நடுவே யாரும் மிதிக்காத பனி கிடைக்கும். கூட்டம் மொய்க்கும் விஸ்லர் ரிசார்ட்டில் அது பெரும்பாலும் காலையிலேயே தீர்ந்துவிடும்.

உங்கள் வேலைக்கு இன்னொரு வசதியும் உண்டு. அங்கே கடிகாரம் டொராண்டோவுக்குப் பின்னால் ஓடுகிறது. விடியும் முன் எழுந்து டொராண்டோ நேரத்துக்கு வேலை செய்தால், பிற்பகல் தொடக்கத்தில் அன்றைய வேலை முடிந்துவிடும். மலை ஊரிலிருந்து சில நிமிடத் தூரம்தான். வார நாளில் மாலைக்குள் இரண்டு மூன்று சறுக்கு போட்டுவிட்டு வந்து சமைக்கலாம். மலைக்குப் பக்கத்தில் குடியிருப்பதன் முழு அர்த்தமும் எனக்கு இதுதான். வார இறுதிக்கு மட்டும்தான் போகப் போகிறீர்கள் என்றால் குடியேறத் தேவையே இல்லை.

ராஸ்லண்ட் ரிசார்ட்டுக்காகக் கட்டிய ஊரும் அல்ல. 1890களில் தங்கச் சுரங்கத்தால் எழுந்த ஊர். நார்வேயிலிருந்து வந்த சுரங்கக்காரர் ஓலாஸ் ஜெல்ட்னெஸ்தான் அங்கே பனிச்சறுக்கைப் பரப்பினார். 1947இலேயே அந்த மலைக்கு நாற்காலி லிஃப்ட் வந்துவிட்டது. அதனால் நூலகம், பள்ளி, கடைத்தெரு எல்லாம் சுற்றுலாப் பயணிக்காக அல்லாமல் ஊர்க்காரர்களுக்காக இருக்கின்றன. சுமார் 4,000 பேர் வாழும் இந்த ஊரில் வளர்ந்த நான்சி கிரீன் 1968 ஒலிம்பிக்கிலும், கெரின் லீ கார்ட்னர் 1992 ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றார்கள். எட்டு வயது மகள் பள்ளி முடிந்து தோழிகளோடு மலைக்குப் போகும் வாழ்க்கை அங்கே சர்வ சாதாரணம். அதற்காக மட்டுமே நான் பாதி மனதோடு உங்கள் பக்கம் சாய்ந்துவிடுவேன்.

சரி, இனி தூரம் கேட்கும் விலை.

உங்கள் மனைவியின் அலுவலகப் பயணம்தான் முதல் சிக்கல். பக்கத்து விமான நிலையம் காசில்கர், அரை மணி நேரத் தொலைவு. மலைகளுக்கு நடுவே குறுகலான பள்ளத்தாக்கில் இருக்கிறது. குளிர்காலத்தில் மேகம் தாழ்ந்து பள்ளத்தாக்கை மூடிக்கொண்டால் விமானம் இறங்க முடியாது. அடிக்கடி ரத்தாவதால் ஊர்க்காரர்கள் அதை ‘கேன்சல்கர்’ என்றே அழைக்கிறார்கள். மலை உச்சியில் நல்ல வெயில் அடிக்கும் நாளிலும் கீழே இப்படி நடக்கும். மாற்று வழி எல்லை தாண்டி அமெரிக்காவில் உள்ள ஸ்போகேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். கனடியக் குடியுரிமை இருந்தால் சிக்கல் இல்லை. இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டோடு நிரந்தர வதிவுரிமையில் இருப்பவருக்கு அமெரிக்க விசா வேண்டும். ராஸ்லண்டுக்குப் பக்கத்து எல்லைச் சாவடி 24 மணி நேரமும் திறந்திருப்பதில்லை. ஆகவே நிறுவனத்திடம் முன்கூட்டியே பேசுங்கள்: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நேரில் வரச் சொன்னால் முன்னால் ஒரு நாள், பின்னால் ஒரு நாள் கூடுதலாக வேண்டும் என்று.

சாலையும் அப்படித்தான். மாகாணத்தின் மலைச் சாலைகளில் அக்டோபர் 1 முதல் பெரும்பாலும் ஏப்ரல் 30 வரை குளிர்கால டயர் கட்டாயம். கிழக்கே கல்கரி பக்கம் போகும் வழியில் 1,775 மீட்டர் உயரத்தில் கூட்னி கணவாய் இருக்கிறது. பனிச்சரிவைத் தடுக்கும் வேலைக்காக அதை அவ்வப்போது மூடிவிடுவார்கள்.

மகன் விஷயம் கொஞ்சம் அவசரமானது. ராஸ்லண்ட் பொதுப் பள்ளியில் 9ஆம் வகுப்பு வரைதான். அதற்குமேல் பக்கத்து ஊரான டிரெயிலுக்குப் போக வேண்டும். தூரம் 10 கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குள் சாலை ஏறக்குறைய 600 மீட்டர் இறங்குகிறது. பள்ளிப் பேருந்து போகிறது. ஆனாலும் 13 வயதில் நண்பர்களை விட்டுவிட்டு வரும் பையன் ஓரிரு ஆண்டில் மறுபடி பள்ளி மாற வேண்டும். அவனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எட்டு வயதுக்காரி எங்கே போனாலும் ஒட்டிக்கொள்வாள்.

அம்மாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். நீங்கள் நால்வரும் மலைக்குப் போகும் நேரத்தில் அவர் என்ன செய்வார்? ஸ்கார்பரோவில் கோயில், தமிழ்க் கடை, பேச ஆள் எல்லாம் பஸ் தூரத்தில் இருக்கின்றன. ராஸ்லண்டில் அவை எதுவும் இல்லை. தெருக்கள் செங்குத்தானவை, நவம்பர் முதல் மார்ச் வரை வழுக்கும். டிரெயிலில் வட்டார மருத்துவமனை இருப்பது பெரிய நிம்மதி. இந்த அளவு சிறிய மலையூர்கள் பலவற்றுக்கு அந்த வசதி கிடையாது. ஆனால் குடும்ப மருத்துவர் உடனே கிடைப்பார் என்று நம்பி வராதீர்கள். மாகாணத்தின் பதிவுப் பட்டியலில் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அவருடைய இதய நிபுணர், கண் மருத்துவர் யார் யார், அவர்களுக்கு இணையானவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று இப்போதே எழுதிப் பாருங்கள். பிடிக்காமல் வருபவரை வைத்துக்கொண்டு அந்தக் குளிர்காலத்தைக் கடத்துவது எல்லோருக்கும் கஷ்டம்.

அப்புறம் வீடு. ஊரின் பல வீடுகள் சுரங்கக் காலத்தவை, நூறு வயதைத் தாண்டியவை. பார்க்க அழகாக இருக்கும். சுவருக்குள் பழங்கால மின்கம்பிகள் இருந்தால் காப்புறுதி நிறுவனங்கள் தயங்கும். விறகடுப்பு இருந்தால் அதற்குத் தனி ஆய்வுச் சான்றிதழ் கேட்பார்கள். வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே காப்புறுதி முகவரிடம் பேசிவிடுங்கள். கூரையைப் பார்க்கும்போது அதன் வயதை மட்டும் கேட்காமல், அதிலிருந்து சரியும் பனி எங்கே விழும் என்று கேளுங்கள். தகரக் கூரைப் பனி ஒரே நொடியில் மொத்தமாக இறங்கும். அது வாசற்படியிலோ கார் நிறுத்தும் இடத்திலோ விழுந்தால் ஆபத்து. தள்ளிய பனியைக் குவிக்க இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். செங்குத்தான, வடக்குப் பார்த்த கார்ப்பாதை என்றால் நான் அந்த வீட்டை விட்டுவிடுவேன். ஓர் ஆண்டுக்கான கேஸ், மின்சார ரசீதுகளை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். காசில்கர் வட்டாரத்தில் தரைக்கடியிலிருந்து ரேடான் என்னும் கதிரியக்க வாயு கசிவது தெரிந்த பிரச்சினை. கனடாவின் வழிகாட்டு அளவு கன மீட்டருக்கு 200 பெக்கரல். குளிர்காலத்தில் மூன்று மாதம் கருவி வைத்து அளக்க வேண்டும். விலை குறைவு என்று டிரெயிலில் தேடினால் இன்னொன்று: அங்கே நூறாண்டுக்கு மேலாக ஈய, துத்தநாக உருக்காலை இயங்குகிறது. வீட்டு மண்ணில் ஈயம் எவ்வளவு என்று பரிசோதிக்கும் திட்டம் ஊரில் நடக்கிறது. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் அதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

மலையிலும் ஆளில்லாததற்கு ஒரு விலை உண்டு. பெரிய மரங்களின் அடியில் பனி இறுகாமல் குழியாக இருக்கும். தலைகீழாக விழுந்தால் தானாக எழுவது அரிது, மூச்சு முட்டிவிடும். கூட்டமுள்ள சரிவில் யாராவது பார்ப்பார்கள். ரெட் மவுண்டனின் காட்டுச் சரிவுகளில் பின்னால் யாரும் வராமலே நேரம் போகும். பிள்ளைகள் மரங்களுக்குள் தனியாகப் போகக் கூடாது, கழுத்தில் விசில் வேண்டும், துணையாக வருபவர் கண்ணில் படும் தூரத்தில் இருக்க வேண்டும். ரிசார்ட் எல்லைக் கயிற்றைத் தாண்டுவதாக இருந்தால் பனிச்சரிவுப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். மகனுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கூட்டம் இல்லாத மலைக்கு வருமானமும் குறைவு, பழுதைத் தாங்கும் சக்தியும் குறைவு. அதே மாகாணத்தில் உள்ள கிம்பர்லியில் 2021 டிசம்பரில் முக்கிய லிஃப்ட் தீயில் சேதமானபோது, சீசன் தொடக்கத்திலேயே மலையின் பெரும்பகுதி முடங்கிப்போனது. பனியும் உறுதியில்லை. 2024 ஏப்ரல் 1 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைகளில் சேர்ந்திருந்த பனி வழக்கத்தில் சுமார் 63 சதவீதம்தான். கோடையில் காட்டுத்தீப் புகை சூழும் ஆண்டுகளும் உண்டு. ஆகவே லிஃப்ட் ஓடாத ஒரு குளிர்காலத்திலும் அந்த ஊரில் இருக்கப் பிடிக்குமா என்று கேட்டுப் பாருங்கள். மலையடிவாரத்து கான்டோ அடுக்குமாடி வீட்டைவிட ஊருக்குள் இருக்கும் வீடு நல்லது என்று நான் சொல்வதும் இதனால்தான். மலை எப்படிப் போனாலும் ஊர் வீட்டுக்கு வாடகைக்கும் விற்பனைக்கும் ஆள் இருக்கும்.

நீங்கள் பார்த்தது பிப்ரவரி, அந்த ஊரின் மிக நல்ல மாதம். இந்த ஆண்டு வாங்க வேண்டாம். ஸ்கார்பரோ வீட்டை விற்காமல், நவம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் கடைசிவரை ராஸ்லண்டில் வாடகைக்கு இருங்கள். நவம்பரில் லிஃப்ட் திறந்திருக்காது, இருட்டு சீக்கிரம் வந்துவிடும். ஏப்ரலில் மலை மூடிவிடும், தெருவெல்லாம் சேறு. பிள்ளைகளை அங்கேயே பள்ளியில் சேர்த்துவிடுங்கள். அம்மாவை முதல் மாதத்திலிருந்தே கூட வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த சீசன் பாஸ் வழக்கமாக வசந்தத்தில் குறைந்த விலைக்கு விற்கும். அதை வாங்குவதா என்று ஐந்து பேரும் உட்கார்ந்து பேசுங்கள். அம்மாவும் மகனும் சரி என்றால் மே மாதம் வீடு பார்க்கத் தொடங்கலாம். கூரையும் கார்ப்பாதையும் பனி விலகித் தெளிவாகத் தெரியும் நேரம் அது.