பூக்காத சிறகவரையைப் பிடுங்கலாமா?

கேள்வி: பர்மாவில் பெகு பக்கம் எங்கள் தோட்டம். மாசிக் கடைசியில் சிறகவரை, பர்மியர் பெசாங்யா என்பார்களே, அதை ஊன்றினேன். பந்தல் கொள்ளாமல் கொடி ஓடுகிறது. ஆடி பிறந்தும் ஒரு பூ இல்லை. இரண்டு தடவை யூரியா போட்டும் பார்த்தேன். பிடுங்கிவிட்டு வேறு போடலாமா ஐயா?

பதில்: தம்பி, பிடுங்கிவிடாதீர்கள். கொடிக்கு நோய் எதுவும் இல்லை. பகல் குறுகினால்தான் சிறகவரை பூக்கும். பெகுவில் ஜூன் மாதத்துப் பகல் 13 மணி நேரத்தைத் தாண்டுகிறது. இரவும் பகலும் சமமாவது செப்டம்பர் கடைசியில். அதற்குப் பிறகு மழையும் வெக்கையும் தணிந்து வரும்போது கொடி தானாகவே மொட்டு விடும். மாசியில் ஊன்றியதால் அதுவரை இலையும் தண்டுமாகவே வளர்கிறது. அடுத்த வருஷம் மழை பிடித்ததும், வைகாசி, ஆனியில் ஊன்றினால் போதும். விதைத்தோல் கெட்டி, அதனால் முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப் போடுங்கள். கோடையிலேயே காய் வேண்டுமானால் காராமணிதான் கைகொடுக்கும். இரண்டு மாதத்தில் காய் பறிக்கலாம்.

யூரியாவை இன்றோடு நிறுத்துங்கள். இதன் வேர் முடிச்சுகளே காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். நீங்கள் போட்டதெல்லாம் இலைக்குத்தான் போயிருக்கிறது. அடர்ந்த பக்கக் கொடிகளைக் கழித்து வெளிச்சமும் காற்றும் புக விடுங்கள். இந்த அடைமழையில் வேரடியில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். வாய்க்கால் வெட்டி வடிய விடுவதுதான் இப்போதைக்கு முக்கியமான வேலை.

காய் வந்ததும் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை பறியுங்கள். விரலால் ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும். பூத்து மூன்று வாரம் கடந்தால் நார் பாய்ந்துவிடும். பிஞ்சைக் குறுக்கே அரிந்து தேங்காய் போட்டுப் பொரித்தால் அருமையாக இருக்கும். பர்மியர் பச்சையாகவே ங்கப்பியில், அதாவது புளிக்கவைத்த மீன், இறால் விழுதில், தொட்டுக் கடிப்பார்கள். அதையும் ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள். பூவையும் கொழுந்தையும்கூட வதக்கலாம். முற்றிய விதையை மட்டும் அவசரப்பட்டுச் சமைக்காதீர்கள். இரவெல்லாம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாக வேகவைத்தால்தான் வயிற்றுக்கு ஆகும்.

பந்தலை மட்டும் பார்த்துவிட்டு மண்ணுக்குள் இருப்பதை நம் ஆட்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம். பர்மியர் பெமியிட் என்று அவித்து விற்கும் கிழங்கு இதன் வேர்தான். உருளை, மரவள்ளியைவிடப் புரதம் பல மடங்கு அதிகம். கிழங்குக்கென்று ஒரு பாத்தியைத் தனியாக ஒதுக்குங்கள். அங்கே பந்தல் வேண்டாம். நெருக்கமாக விதைத்துத் தரையில் படர விட்டு, பூ வரவரக் கிள்ளிவிடுங்கள். பனிக்காலத்தில் கொடி பழுத்துக் காயும்போது தோண்டி, உப்புப் போட்டு அவித்து, தோலை உரித்து முதலில் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.