பனியன் தையலும் தோல்மேல் சர்க்யூட்டும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். தோலில் ஒட்டிக்கொள்ளும் மின்னணுக் கருவிகளைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருபது ஆண்டுகள் தைத்தவள். இப்போது பெண்களுக்குத் தையல் சொல்லித் தருகிறேன். மின்சாரம் கடத்தும் நூல் ஒன்றை என் மகன் வாங்கிக் கொடுத்தான். அதை வைத்து, முழங்கையை மடக்கினால் விளக்கு எரியும் கைப்பட்டை ஒன்றைத் தைத்தேன். அருகில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரிக் கண்காட்சிக்கு அதை எடுத்துச் சென்றபோது, "கைவேலை அழகாக இருக்கிறது, ஆனால் இது எலக்ட்ரானிக்ஸ் ஆகாது. தோலில் அணியும் கருவிகளுக்குப் பெரிய ஆய்வகம் வேண்டும்" என்று சொல்லி, அலங்காரப் பொருள்களின் மேசையில் வைத்துவிட்டார்கள்.

அவர்கள் சொன்னது சரியா? எங்களைப் போன்றவர்களால் இதை உண்மையிலேயே செய்ய முடியுமா? இன்னொன்று: பட்டுப் புடவை ஜரிகையில் மின்சாரம் ஓடுமா?

ம.,
திருப்பூர்

*

அன்புள்ள ம. அவர்களுக்கு,

உங்கள் கைப்பட்டையை எந்த மேசையில் வைத்தார்கள் என்று படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. இதை எழுதும்போதும் அது தணியவில்லை. ஆனால் அவர்கள் சொன்னதில் பாதி உண்மை உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2011இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ராஜர்ஸ் குழுவினர், ஒட்டும் டாட்டூ போலத் தோலில் படியும் ஒரு சர்க்யூட்டைச் செய்து 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். சிலிக்கான் சிப் தயாரிக்கும் முறைகளைக் கொண்டு, தூசு புகாத ஆய்வகத்தில் செய்யப்பட்ட பொருள் அது. அப்படி ஒன்றை வீட்டு மேசையில் செய்ய முடியாது. கல்லூரிக்காரர்கள் மனத்தில் இருந்தது இதுவாக இருக்கலாம்.

ஆனால் அந்தச் சர்க்யூட்டின் படத்தைத் தேடிப் பாருங்கள். கம்பிகள் எதுவும் நேராகப் போகவில்லை. பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி வளைந்து வளைந்து போகின்றன. உலோகப் படலம் தன் நீளத்தில் ஒரு சில சதவீதம் இழுபட்டாலே விரிசல் விடும். தோலோ கிட்டத்தட்ட 30 சதவீதம் வரை நீண்டு சுருங்கும். எனவே கம்பியை நெளிநெளியாக வரைந்தார்கள். தோல் இழுபடும்போது நெளிவு நிமிர்கிறது, உலோகம் அறுவதில்லை.

பனியன் கழுத்தை நேர்த்தையலில் மூட்டினால் தலையை நுழைக்கும்போதே நூல் படபடவென்று தெறித்துவிடும் என்பதை உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தானே ஓவர்லாக், ஃபிளாட்லாக், ஜிக்ஜாக்? துணி நீளும்போது கொடுப்பதற்கான நூலை வளைவுகளில் முன்கூட்டியே சேர்த்துவைக்கிறீர்கள். இல்லினாய் ஆய்வகம் தங்கக் கம்பியில் செய்ததும் இதே காரியம். இருபது ஆண்டுகள் இழுபடும் துணியோடு வேலை செய்த ஒருவரிடம் 'இது எலக்ட்ரானிக்ஸ் ஆகாது' என்று சொன்னவர்கள், தங்கள் துறையின் மையச் சிக்கல் எது என்பதையே கவனிக்கவில்லை.

ஆய்வகத்துக்கு வெளியே இதைக் கொண்டுவந்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து மீடியா லேபில் ஆய்வு மாணவியாக இருந்த சிண்டி காவ், மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2016இல் 'டுவோஸ்கின்' என்ற செய்முறையை வெளியிட்டார். அவர் தைவானைச் சேர்ந்தவர். அங்கே மலிவான ஒப்பனைப் பொருள்களைக் கொண்டு யாரும் தன் தோற்றத்தை நினைத்தபோது மாற்றிக்கொள்ள முடிகிறது, தோல்மேல் அணியும் கருவியும் அப்படி எளிதாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். கடையில் கிடைக்கும் டாட்டூத் தாள், ஸ்டென்சில் வெட்டும் சிறு இயந்திரம், தங்க ரேக்கு. வரைந்து, வெட்டி, ரேக்கை ஒட்டி, சிறு சிப்புகளைப் பொருத்தி, ஈரத் துணியால் ஒற்றினால் சர்க்யூட் கைக்கு மாறிவிடும். அதை விரலால் தடவிக் கணினியை இயக்கலாம். நிறம் மாறச் செய்யலாம். அருகில் கொண்டுவரும் கைப்பேசிக்குத் தகவல் கொடுக்கலாம்.

தங்க ரேக்கு என்றதும் நமக்குத் தஞ்சாவூர் ஓவியம் நினைவுக்கு வரும். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு, ஏறத்தாழ அவ்வளவுதான் நல்ல ரேக்கின் கனம். அதனால்தான் தோலின் வரிகளுக்குள்கூட அது படிகிறது. வியர்வை பட்டாலும் தங்கம் கறுப்பதில்லை. ஆனால் கைவினைக் கடைகளில் தங்க நிறத்தில் மலிவாகக் கிடைக்கும் தாள் பெரும்பாலும் பித்தளை. பயிற்சிக்கு அது போதும். வெறும் தோலில் நாள் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டாம்.

காவ் பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவருடைய குழு 2020இல் தோல்மேல் அணியும் கருவிகளைத் தறியில் நெய்து காட்டியது. 2021இல், குழந்தைகள் கட்டைகளை அடுக்குவதுபோல ஒன்றோடொன்று இணைத்துத் தோலில் ஒட்டிப் பார்க்கும் 'ஸ்கின்கிட்' என்ற தொகுப்பைச் செய்தது. ஒட்டிப் பார், சரியாக இல்லையா, எடுத்து இடம் மாற்று. உடம்பின் எந்த இடத்தில் எது நிற்கும் என்பது போட்டுப் பார்க்காமல் தெரியாது. அளவெடுத்து, கச்சாத் தையல் போட்டு, அணிவித்துப் பார்த்துப் பிரித்துத் தைக்கும் உங்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இருக்காது.

இன்னொரு பெயரையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: லியா பியூக்லி. ஊசி நூலால் துணியில் தைத்துவிடக்கூடிய, விளிம்பெல்லாம் துளைகள் கொண்ட பூ வடிவ மின்பலகையை அவர் உருவாக்கினார். 'லில்லிபேட்' என்ற பெயரில் 2007இல் அது விற்பனைக்கு வந்தது. அவரும் பெஞ்சமின் மாகோ ஹில்லும் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். அவர்கள் எடுத்துப் பார்த்தவற்றில், ஆர்டுயினோ என்ற வழக்கமான பலகையில் செய்யப்பட்ட வேலைகளில் பெண்கள் செய்தவை 2 சதவீதம். லில்லிபேட்டில் செய்யப்பட்டவற்றில் 65 சதவீதம். உள்ளே இருந்த சிப் ஒரே வகைதான். உலோகத்தை உருக்கி ஒட்டும் சால்டர் வேலையின் இடத்தில் ஊசி வந்தது, அவ்வளவே. பெண்களுக்கு மின்னணுவியலில் நாட்டமில்லை என்று இனி யாராவது உங்களிடம் சொன்னால் இந்த இரண்டு எண்களைச் சொல்லுங்கள்.

எல்லாம் கைகூடிவிட்டது என்று உங்களை நம்பவைக்க நான் விரும்பவில்லை. ரேக்குச் சர்க்யூட் நீடிக்காது. நான் மணிக்கட்டில் ஒட்டிப் பார்த்தபோது காலையில் ஓடிய மின்சாரம் மாலையில் நின்றுவிட்டது. மடிப்பு விழும் இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். சிப்பும் பேட்டரியும் இன்னும் கடினமான பொருள்கள்தான், அவற்றைக் கையால் செய்ய வழியில்லை. கடினமும் மென்மையும் சந்திக்கும் விளிம்பில்தான் பெரும்பாலான கருவிகள் அறுகின்றன. ஆய்வகங்களும் இதே இடத்தில்தான் திணறுகின்றன. இழுபடும் துணியில் பட்டனை வெறுமனே தைத்தால் துணி கிழிகிறது. அடியில் ஒரு துண்டுக் கேன்வாஸ் வைத்துத் தைக்கிறோம். சிப்புக்கும் அப்படித்தான் செய்ய வேண்டும்: நடுவில் விறைப்பு, அதைச் சுற்றி அரைவிறைப்பு, அப்புறம் மென்மை. இதை உங்கள் மாணவிகள் புத்தகம் இல்லாமலே செய்வார்கள்.

அதே சமயம் தையல் மட்டும் போதாது. எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்று கணக்குப் போட வேண்டும், சிப்புக்கு நிரல் எழுத வேண்டும். அதற்கு மின்னணுவியல் படிக்கும் ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை வந்து உங்களுக்குக் கற்பிப்பதாக ஏற்பாடு இருக்க வேண்டாம். இருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும், செய்த பொருளில் இருவர் பெயரும் இருக்க வேண்டும். கருவி மலிவாகிவிட்டால் எல்லோருக்கும் எட்டிவிடும் என்று பேசுகிறார்கள். உங்கள் பட்டை அலங்கார மேசைக்குப் போனதற்கு விலையா காரணம்? தைத்தவரின் அறிவை அறிவாக எண்ணாததுதான் காரணம். இதை அந்தக் கல்லூரிக்கும் எழுதிக் கேளுங்கள் என்பேன்.

ஜரிகைக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. ஓடும். துணியையே சர்க்யூட்டாக்க முனைந்த முன்னோடிகளில் எம்.ஐ.டி.யின் ரேமி போஸ்டும் மேகி ஆர்த்தும் முக்கியமானவர்கள். 1997இல் அவர்கள் எடுத்துக்கொண்ட துணி, பட்டு நூலில் மெல்லிய உலோக இழை சுற்றி நெய்த ஆர்கன்சா. இந்தியாவில் நெடுங்காலமாக நெய்யப்படும் வகை அது. அசல் ஜரிகையும் பட்டு நூலின்மேல் தட்டையான வெள்ளி இழையைச் சுற்றி, தங்க முலாம் பூசியதுதான். பழைய பட்டுப் புடவையை வெள்ளிக்காக எடைபோட்டு வாங்குகிறார்களே, அதே வெள்ளி. இப்போது வரும் பாலியெஸ்டர் ஜரிகையில் மின்சாரம் ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மின்சாரம் ஓடுகிறதா என்று காட்டும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கி, ஒரு சாண் இழையின் இரு முனையிலும் வைத்துப் பாருங்கள், நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தைக்கும்போது கடத்தும் நூலை ஊசியில் கோக்காமல் பாபினில் சுற்றுங்கள், சிக்கல் குறையும். முடிச்சுப் போட்ட நுனிகள் பிரிந்து பக்கத்து இழையைத் தொட்டால் ஷார்ட் ஆகும். ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துவிடுங்கள். நாணயம் போன்ற சிறு வட்ட பேட்டரியைத் தவிர வேறு மின்சாரம் வேண்டாம், சார்ஜரில் இணைத்தபடி எதையும் உடம்பில் அணிய வேண்டாம். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அந்தப் பேட்டரியைக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. தோல் அரித்தால் உடனே கழற்றிவிட வேண்டும் என்று மாணவிகளிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

உங்கள் பட்டை அறுந்தால் தூக்கிப் போடாமல், எந்த இடத்தில் அறுந்தது, எத்தனையாவது மடக்கலில் என்று குறித்து, படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதைத் தனிப் பதிவாக உங்கள் பெயரில் வெளியிடுகிறேன்.