சாவியைப் போட்டுவிட்டுப் பாட்டு கேட்காதீர்கள்

பட்டறைப் பக்கம் – வாசகர் கேள்விகள்
பதில் தருபவர்: புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை நடத்துபவர்

அண்ணே, எங்களிடம் 1972 மாடல் ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வேன் இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து ரோடு வழியாகவே வந்த வண்டி, அப்பா வாங்கி வைத்தது. உள்ளே கட்டில், அடுப்பு எல்லாம் அப்படியே உள்ளன. 1600 சிசி இன்ஜின், 009 டிஸ்ட்ரிபியூட்டர். மழைக்காலத்தில் காலையில் ஸ்டார்ட் ஆகவே மாட்டேன் என்கிறது. ஈ.சி.ஆரில் ஓவர்டேக் செய்ய ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி திணறிவிட்டுத்தான் எடுக்கிறது. பாயிண்ட் அடிக்கடி கருகுகிறது. ஒரு மெக்கானிக் எலக்ட்ரானிக் இக்னிஷன் போடச் சொல்கிறார். இன்னொருவர் "பழசு பழசாவே இருக்கட்டும்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், லாஸ்பேட்டை

முதல் ஆள் பேச்சைக் கேளுங்கள். ஆனால் இந்த வாரமே வேண்டாம்.

நீங்கள் மூன்று குறை எழுதியிருக்கிறீர்கள். பாயிண்ட் என்பது பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சின்ன சுவிட்ச். அதற்குப் பதிலாகக் காந்த சென்சார் வைப்பதுதான் எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட். உங்கள் மூன்று குறையில் அந்தக் கிட் நேரடியாகத் தீர்த்துவைப்பது பாயிண்ட் கருகுவதை மட்டும்தான். திணறலுக்குக் காரணம் வேறு, மழைக்கால மக்கருக்குக் காரணம் வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் கிட்டை வாங்கி மாட்டிவிட்டு, "காசு போச்சு, வண்டி அப்படியேதான் இருக்கு" என்று வருகிறவர்கள்தான் அதிகம். பாயிண்டில் ஒழுங்காக ஓடாத வண்டி கிட்டிலும் ஒழுங்காக ஓடாது. முதலில் பாயிண்டை வைத்தே வண்டியைச் சரிக்குக் கொண்டுவாருங்கள், அப்புறம் மாற்றுங்கள்.

பாயிண்ட் ஏன் கருகுகிறது? 1910-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் கேடிலாக் காருக்கு அமைத்துக் கொடுத்த முறைதான் உங்கள் வண்டியிலும் இருக்கிறது. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் கரண்ட் ஓடும். பாயிண்ட் திறந்ததும் கரண்ட் அறுந்து, காயில் பல ஆயிரம் வோல்ட்டைப் பிளக்குக்குத் தள்ளும். அறுகிற அந்த நொடியில் பாயிண்டிலேயே தீப்பொறி தாவாமல் கண்டன்சர் வாங்கிக்கொள்ளும். கண்டன்சர் மட்டமாக இருந்தால் பாயிண்ட் சீக்கிரம் கருகும். பாயிண்டைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் குழி விழுந்து, எதிர்ப்பக்கம் அதே அளவுக்கு மேடு கட்டியிருந்தால் கண்டன்சரைத்தான் சந்தேகப்பட வேண்டும். இப்போது கடையில் புதிதாகக் கிடைக்கும் கண்டன்சர்கள் பலவற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. பழைய வண்டியிலிருந்து எடுத்த நல்ல கண்டன்சர் கிடைத்தால் விடாதீர்கள்.

இன்னொரு காரணம் காயில். மல்டிமீட்டரை ஓமில் வைத்து, காயிலின் 15, 1 என்ற இரண்டு சின்ன முனைகளுக்கு நடுவே அளந்து பாருங்கள். சுமார் 3 ஓம் காட்ட வேண்டும். யாராவது ஒன்றரை ஓம் காயிலை ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டியிருந்தால் கரண்ட் இரண்டு மடங்கு ஓடும். அதில் பாயிண்டும் தாங்காது, நாளைக்கு வாங்கப்போகும் கிட்டும் தாங்காது.

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை, அதாவது கேப்பைக் கழற்றி, உள்ளே நடுவில் சுற்றும் ரோட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கைக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் ஷாஃப்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பாயிண்ட் இடைவெளியை 0.4 மி.மீ. என்று ஃபீலர் தகடு வைத்து எவ்வளவு அழகாகச் செட் செய்தாலும், ஷாஃப்ட் ஆடினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு இடைவெளிதான் வரும். எலக்ட்ரானிக் கிட் இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். முழுக்க மறைக்காது. லேத் பட்டறையில் புஷ் போட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்கால விஷயம் நம் ஊர் விஷயம். கடலிலிருந்து உங்கள் வீடு எவ்வளவு தூரம் என்று எழுதவில்லை. லாஸ்பேட்டை என்றாலும் உப்புக்காற்று வரத்தான் செய்யும். கேப்பின் உள்பக்கம் பித்தளை, அலுமினிய முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்த பிறகு பட்டறைக்கு வந்த பெட்ரோல் வண்டிகளில் கேப்பைத் திறந்தாலே இந்தப் பூப்புதான். துணியால் துடைத்துவிட்டு, கேப்பின் உள்சுவரைச் சாய்த்துப் பாருங்கள். பென்சிலால் கிழித்தது போல மெல்லிய கறுப்புக் கோடு ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஓடியிருந்தால் அந்தக் கேப் முடிந்தது. ஈரம் பட்டதும் கரண்ட் அந்தக் கோட்டு வழியே ஓடிவிடும், பிளக்குக்குப் போகாது. சுரண்டிப் பயனில்லை, கேப்பை மாற்றுங்கள்.

ஒயரைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ராத்திரி கரண்ட் போன நேரம் இதற்குத் தோதானது. பின்கதவைத் திறந்து, இன்ஜினை ஐடிலில் விட்டு, எதையும் தொடாமல் தள்ளி நின்று பாருங்கள். கெட்ட ஒயரின் மேல் நீலமாகப் பொறி ஊர்வது கண்ணுக்கே தெரியும். தொண்ணூறு ரூபாய் டெஸ்டரைவிட இது மேல்.

இப்போது திணறலுக்கு வருவோம். டைமிங் என்றால் பிளக்கில் பொறி விழும் நேரம்; அதை முன்னால் தள்ளுவதுதான் அட்வான்ஸ். 009 டிஸ்ட்ரிபியூட்டரில், இன்ஜின் உறிஞ்சும் வேகத்தை வைத்து அதைச் செய்யும் வேக்யூம் அட்வான்ஸ் கிடையாது. வேகம் ஏற ஏற உள்ளே இருக்கும் வெயிட்டுகள் விரிந்துதான் டைமிங்கை முன்னால் தள்ளும். நீங்கள் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் அந்த நொடியில் இன்ஜின் வேகம் இன்னும் ஏறவில்லை, அதனால் டைமிங்கும் நகரவில்லை. அதுதான் அந்தத் திணறல். கிட் போட்டாலும் இது இருக்கும். கார்புரேட்டரில் ஆக்ஸிலரேட்டர் பம்ப் ஒழுங்காகப் பெட்ரோல் அடிக்கிறதா என்று பாருங்கள், பாதி குறையும். முழுக்கப் போக வேண்டுமென்றால் உங்கள் இன்ஜினுக்கு ஏற்ற வேக்யூம் டிஸ்ட்ரிபியூட்டர் தேடிப் பிடித்து, அதற்குக் கிட் போடுங்கள். 009 மலிவாகவும் சுலபமாகவும் கிடைத்ததால்தான் ஊர் முழுக்கப் பரவியது, நல்லது என்பதால் அல்ல. இது என் அபிப்பிராயம், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

இதெல்லாம் ஆன பிறகு கிட். வேலை என்று பார்த்தால் கொஞ்சம்தான். பாயிண்டும் கண்டன்சரும் வெளியே, சென்சார் பிளேட் உள்ளே, ஷாஃப்டின் கேமில் காந்த வளையம். வெளியே வருவது இரண்டே ஒயர்: பெரும்பாலும் சிவப்பு காயிலின் 15-க்கு, கறுப்பு 1-க்கு. மாற்றி மாட்டினால் கிட் அங்கேயே செத்துவிடும். மாட்டும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள், கிட்டுடன் வரும் தாளை ஒரு தடவை படியுங்கள்.

நிறையப் பேர் தவறவிடுவது வோல்டேஜ். உங்கள் வேனில் பேட்டரி பின்னால், இன்ஜின் பக்கத்தில். ஆனால் காயிலுக்குப் போகும் கரண்ட் அங்கிருந்து முன்னால் சாவி வரை போய், திரும்பவும் பின்னால் வருகிறது. ஐம்பது வருஷ ஒயர், துருப்பிடித்த கனெக்டர், தேய்ந்த சுவிட்ச் எல்லாவற்றையும் தாண்டி வர வேண்டும். போதாததற்கு அதே 15-ஆம் முனையிலிருந்துதான் ஆட்டோ சோக்கும் ஐடில் சோலனாய்டும் கரண்ட் எடுக்கின்றன. பாயிண்ட் குறைந்த வோல்ட்டிலும் எப்படியோ சமாளிக்கும். எலக்ட்ரானிக்ஸ் அப்படி இல்லை. செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் ரொம்ப விழுந்தால் பொறியே வராது. பேட்டரியில் ஒரு அளவு, காயிலில் ஒரு அளவு எடுங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காயில் பக்கத்தில் ஒரு ரிலே வையுங்கள்; சின்ன கரண்டில் இயங்கி, பெரிய கரண்டை இணைத்துவிடும் சுவிட்ச் அது. பழைய ஒயர் ரிலேவை இழுக்கட்டும். காயிலுக்குப் பேட்டரியிலிருந்தே ஃபியூஸ் வழியாகப் புது ஒயர் போகட்டும்.

கிட் மாட்டியதும் டைமிங் நகர்ந்திருக்கும், மறுபடி வைத்தே ஆக வேண்டும். நிற்கிற வண்டியில் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்கும் பழைய வழி வேண்டாம், டைமிங் லைட் எடுங்கள். 009-க்கு 3,500 ஆர்.பி.எம். பக்கம் முழு அட்வான்ஸில் 28-லிருந்து 32 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உங்கள் புல்லியில் 30 டிகிரி குறி இருக்காது. அதற்கு, புல்லியைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி, சரியாக ஒரு சுற்றுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். அதை மூன்றாக மடித்து, பிறகு பாதியாக, மறுபடி பாதியாக மடித்தால் பன்னிரண்டு பங்கு. ஒரு பங்கு முப்பது டிகிரி. டி.டி.சி. குறி (பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் குறி) இன்ஜினின் நடுக்கோட்டுக்கு நேராக நிற்கும்போது அதற்கு வலப்பக்கம் ஒரு பங்கு தள்ளி வெள்ளை பெயின்ட்டால் கோடு போடுங்கள். லைட் அடிக்கும்போது சட்டைக் கை, துப்பட்டா எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

கேம்பர் வண்டிக்கென்றே ஒரு எச்சரிக்கை. செரினிட்டி பீச்சில் நிறுத்திவிட்டு, சாவியை ஆனில் வைத்து ரேடியோ கேட்பது, போன் சார்ஜ் போடுவது, ஃபேன் ஓட்டுவது எல்லாம் கிட் போட்ட வண்டியில் ஆகாது. இன்ஜின் ஓடாமல் சாவி ஆனில் இருந்தால் காயிலில் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும்; காயில் கொதித்து, கிட்டும் போய்விடும். நான் பார்த்த செத்த கிட்களில் பாதிக்கு மேல் இப்படிச் செத்தவைதான். உள்ளே இருக்கும் லைட்டு, ஃபேன், ரேடியோ எல்லாவற்றையும் தனி பேட்டரிக்கு மாற்றிவிடுங்கள்.

பாயிண்ட் இல்லை என்று டிஸ்ட்ரிபியூட்டரை மறந்துவிடவும் கூடாது. ரோட்டருக்கு அடியில் ஷாஃப்டின் தலையில் ஒரு ஃபெல்ட் துண்டு இருக்கும், அதற்கு அவ்வப்போது இரண்டு சொட்டு எண்ணெய். அது காய்ந்தால் வெயிட்டுகள் இறுகி, அட்வான்ஸ் நின்றுவிடும்.

கடைசியாக, கேட்காமலே சொல்கிறேன். இதற்கெல்லாம் முன்னால் பெட்ரோல் ஹோஸை மாற்றுங்கள். பங்கில் இப்போது கிடைப்பது இ20, அதாவது இருபது சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் பழைய ரப்பரை அரித்துவிடும். உங்கள் வண்டியில் அந்த ஹோஸ் சூடான இன்ஜினுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் மேலேயே போகிறது. துணி சுற்றிய பழைய ஹோஸ் வெளியே பார்க்க நல்லதாகத்தான் இருக்கும், ஆனால் வளைத்துப் பார்த்தால் வெடித்திருக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸும் நல்ல கிளிப்பும் போட்ட பிறகு கிட்டுக்குக் காசு எடுங்கள்.

பழைய மெட்டடோர் வேனைக் கேம்பராக மாற்றியிருக்கிறேன். அதற்கும் எலக்ட்ரானிக் இக்னிஷன் போட முடியுமா?
– வாசகர், கடலூர் மஞ்சக்குப்பம்

டீசல் வண்டி சார். அதில் காயிலும் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டரும் இல்லை. அழுத்தத்தில் வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. யாராவது போட்டுத் தருகிறேன் என்று சொன்னால் அந்தப் பட்டறைப் பக்கம் போகாதீர்கள். காலையில் ஸ்டார்ட்டிங் ட்ரபிள் என்றால் பேட்டரி, ஹீட்டர் பிளக், டீசல் லைனில் காற்று – இந்த மூன்றையும் பாருங்கள்.

என் மாமனாரின் 1965 ஃபோக்ஸ்வாகன் வேன் 6 வோல்ட். கிட் கிடைக்குமா? 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடலாமா?
– வாசகி, வில்லியனூர்

6 வோல்ட்டுக்கும் கிட் உண்டு, ஆனால் 6 வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். மேலே சொன்ன வோல்டேஜ் பிரச்சினை உங்களுக்கு இரண்டு மடங்கு, ஆறில் ஒரு வோல்ட் போனால் அது பெரிய பங்கு. ஃபோக்ஸ்வாகன் கம்பெனியே 1967 மாடலில் வேன்களை 12-க்கு மாற்றிவிட்டது. வண்டியை ஓட்டப்போகிறீர்கள் என்றால் 12-க்கு மாற்றுவேன். பல்புகள், டைனமோ, ரெகுலேட்டர், காயில், வைப்பர் மோட்டார் எல்லாம் கணக்கில் வரும். ஷெட்டில் துடைத்து வைக்கத்தான் என்றால் மாமனார் விட்டபடியே இருக்கட்டும், பாயிண்டே போதும்.

எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் வின்டேஜ் ரெஜிஸ்ட்ரேஷன் கிடைக்காமல் போகுமா?
– வாசகர், அரியாங்குப்பம்

2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு ‘விஏ’ சேர்த்த நம்பர் கொடுக்கிறார்கள். கிட் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்புக்குள்ளே ஒளிந்திருக்கும்; பாயிண்டைத் திரும்ப மாட்டினால் வண்டி பழையபடி ஆகிவிடும். ஆர்.சி.யில் எழுதுகிற விவரமும் இல்லை. அதனால் ஒரு துளையும் போடாமல் மாட்டச் சொல்லுங்கள், கழற்றியதை எறியாதீர்கள்.

ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு. அந்த நம்பர் வாங்கினால் வண்டியைத் தினப்படிக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு – இப்படித்தான் அனுமதி. குடும்பத்தோடு ஏற்காடு போகிற எண்ணம் இருந்தால் சாதாரண ஆர்.சி.யைப் புதுப்பித்து வைத்துக்கொள்வதே நல்லது.

கிட் போட்டாயிற்று. மைலேஜ் எவ்வளவு கூடும்? தூரப் பயணத்துக்கு என்ன எடுத்துப் போக வேண்டும்?
– வாசகர், காலாப்பட்டு

நேற்று ட்யூனப் செய்த பாயிண்டோடு ஒப்பிட்டால் மைலேஜ் பெரிதாகக் கூடாது. கேமில் உரசும் ஃபைபர் தேயத் தேய பாயிண்ட் இடைவெளி குறைந்து, டைமிங் பின்னால் போகும், பெட்ரோல் கூடக் குடிக்கும். கிட்டில் அந்தத் தேய்மானம் இல்லை, வைத்த டைமிங் அப்படியே நிற்கும். லாபம் அவ்வளவுதான், அதுவே பெரிய லாபம்.

பயணத்துக்கு: கழற்றிய பாயிண்ட், கண்டன்சர், ஒரு ரோட்டர், ஃபீலர் கேஜ், ஒரு பெரிய, ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர். பாயிண்ட் மெல்லக் கெடும், இருமிக்கொண்டாவது ஊர் வந்து சேரும். கிட் கெட்டால் அந்த இடத்திலேயே வண்டி நிற்கும், திண்டிவனத்தில் ஸ்பேர் கிடைக்காது. வசதி இருந்தால் பாயிண்ட் செட் செய்த இன்னொரு டிஸ்ட்ரிபியூட்டரையே முழுசாகச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நட்டு, ஒரு ஒயர், கேப்பை மாற்றிப் போட்டால் முடிந்தது. ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கழற்றும் முன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.